ரேம் வேகம் தகராறு செய்தால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

“6000 ரேம் வாங்கிப் போட்டேன், 4800தான் காட்டுகிறது.” “எக்ஸ்எம்பி ஆன் செய்தேன், அதோடு திரையே வரவில்லை.” (எக்ஸ்எம்பி என்பது ரேமைப் பெட்டியில் உள்ள வேகத்துக்கு ஏற்றும் அமைப்பு. அது பயாஸில், அதாவது கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் போர்டு மென்பொருளில் இருக்கும்.) மேசைக் கணினிகளைச் சரிசெய்யும் வேலையில் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ரேம் பழுது என்று முடிவு கட்டி அதை மாற்றக் கிளம்பிவிடுபவர்கள் பலர். பெரும்பாலும் ரேம் நன்றாகவே இருக்கும்.

ரேம் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் ரேம் கம்பெனி கொடுக்கும் வாக்கு. ப்ராசஸர் கம்பெனி அந்த வாக்கில் பங்கு கொள்வதில்லை. அது தன் பங்குக்கு வேறொரு எண்ணை வெளியிட்டிருக்கும், அது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். கீழே வரும் எல்லா அறிகுறிகளுக்கும் அந்தக் குறைந்த எண்தான் தரை. மேலே ஏறி ஆட்டம் கண்டால், முதலில் தரைக்கு இறங்கி நின்று பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தெளிந்துவிடும்.

## தொடங்கும் முன் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்

ப்ராசஸரின் மாடல், மதர்போர்டின் சிப்செட் (பி360, எச்610 போல வரும் பெயர்), ரேம் ஸ்டிக்கரில் உள்ள வேகமும் வோல்டேஜும், எத்தனை ஸ்டிக் (ரேம் பட்டை) போட்டிருக்கிறீர்கள் என்பது. இவ்வளவு போதும். அடிக்கடி கையில் வரும் ப்ராசஸர்களுக்கு, இரண்டு ஸ்டிக் போட்டால் அதிகாரபூர்வ உச்ச வேகம் இது:

- இன்டெல் 8ஆம் தலைமுறை: ஐ3-8100க்கு 2400, ஐ5-8400க்கும் அதற்கு மேலும் 2666
- 10ஆம் தலைமுறை: ஐ5 வரை 2666, ஐ7, ஐ9க்கு 2933
- 11ஆம் தலைமுறை: 3200
- 12ஆம் தலைமுறை: ரேம் பழைய டிடிஆர்4 வகை என்றால் 3200, புதிய டிடிஆர்5 வகை என்றால் 4800
- 13, 14ஆம் தலைமுறை: டிடிஆர்4 3200. டிடிஆர்5 என்றால் ஐ5-13400, 14400க்கு 4800. 13600கே, 14600கே, அதற்கு மேல் 5600
- கோர் அல்ட்ரா 200எஸ்: வழக்கமான ஸ்டிக்குக்கு 5600, சொந்தக் கடிகாரச் சில்லு கொண்ட சியுடிம் வகைக்கு 6400
- ரைசன் 1000: 2666. ரைசன் 2000: 2933. ரைசன் 3000, 5000: 3200 (கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கும் 3200ஜி, 3400ஜிக்கு மட்டும் 2933)
- ரைசன் 7000: 5200. ரைசன் 9000: 5600

இதற்கு மேல் ஓட்டுவது எல்லாமே ஓவர்க்ளாக்கிங் கணக்கில்தான் வரும். எக்ஸ்எம்பி, அதன் ஏஎம்டி வடிவமான எக்ஸ்போ என்று ஒரே சொடுக்கில் ஆன் ஆவதால் அப்படித் தோன்றாது, ஆனால் இன்டெல், ஏஎம்டி இரண்டுமே அதை அப்படித்தான் பார்க்கின்றன. ஓடக்கூடாது என்று அதற்குப் பொருளில்லை. நானே என் கணினியில் அதிகாரபூர்வ எண்ணுக்கு மேலேதான் வைத்திருக்கிறேன். ஓடாமல் போனால் அதைக் கோளாறு என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

## அறிகுறி 1: பெட்டியில் ஒரு எண், கணினியில் அதைவிடக் குறைவான எண்

### காட்டும் எண் சரியாகப் பாதியா?

3200 ரேமுக்கு 1600 என்றோ 6000க்கு 3000 என்றோ வந்தால் கோளாறே இல்லை. சிபியு-இசட் என்ற மென்பொருள் காட்டுவது கடிகார வேகம். பெட்டியில் இருப்பது ஒரு நொடியில் நடக்கும் பரிமாற்றங்களின் எண்ணிக்கை. டிடிஆர் வகையில் ஒரு துடிப்புக்கு இரண்டு பரிமாற்றம், ஆகவே இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்கினால் பெருக்கிய எண்ணே வரும். லினக்ஸில் டிஎம்ஐடிகோட் கட்டளை இரண்டு வேகங்களைச் சொல்லும். அவற்றில் ‘கான்ஃபிகர்ட்’ என்று வருவதுதான் இப்போது ஓடும் வேகம்.

### 2133, 2400, 2666, 4800 போன்ற எண்ணா?

ரேம் தன் பொது விதிப்படியான வேகத்தில் நிற்கிறது, எக்ஸ்எம்பி ஆன் ஆகவில்லை. புது ரேம் போட்டாலும், பயாஸ் புதுப்பித்தாலும், பயாஸ் அமைப்புகளை நினைவில் வைக்கும் சிமாஸ் பேட்டரி தீர்ந்தாலும் இந்த நிலைக்குத்தான் வரும். பயாஸில் போய் இன்டெல் போர்டில் எக்ஸ்எம்பி, ரைசன் 7000, 9000 போர்டில் எக்ஸ்போ என்பதைத் தேடுங்கள். பழைய ஏஎம்டி போர்டு சிலவற்றில் டிஓசிபி என்று இருக்கும். ஆன் செய்து சேமித்து வெளியே வாருங்கள். இதற்காகக் கொண்டுவரப்படும் கணினிகள் ஏராளம். ஐந்து நிமிட வேலை.

பேட்டரி மேல் சந்தேகம் இருந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். மின்சாரத்தை முழுவதும் அணைத்து எடுக்கும்போதெல்லாம் தேதி பின்னால் போகிறதென்றால் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள்.

### எக்ஸ்எம்பி ஆன், ஆனாலும் ப்ராசஸரின் எண்ணிலேயே நிற்கிறதா?

இன்டெல் போர்டா என்று பாருங்கள். எச்310, பி360, எச்410, பி460 போன்றவற்றில் ரேம் வேகம் ப்ராசஸரின் அதிகாரபூர்வ எண்ணைத் தாண்டாது. ஐ5-8400ஐ பி360 போர்டில் வைத்து 3200 ரேம் போட்டால் 2666தான். 2021இல் வந்த பி560, எச்570இல் இருந்துதான் இசட் எழுத்தில் தொடங்காத போர்டுகளுக்கும் இந்தப் பூட்டைத் திறந்துவிட்டார்கள். அதன் பிறகும் எச்510, எச்610 பூட்டியே இருக்கின்றன. இங்கே செய்ய எதுவுமில்லை. வேகம் கட்டாயம் வேண்டுமென்றால் போர்டைத்தான் மாற்ற வேண்டும். ஐ5-8400ஐ 2666இல் இருந்து 3200க்குக் கொண்டுபோக மட்டும் போர்டு மாற்றச் சொல்லி நான் யாரிடமும் சொன்னதில்லை.

### இரண்டு வேறு ரேம்களா?

மெதுவான ஸ்டிக் எதுவோ அதன் வேகத்துக்குத்தான் மற்றதும் இறங்கும். ஸ்டிக்கரைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

## அறிகுறி 2: எக்ஸ்எம்பி ஆன் செய்ததும் திரை வரவில்லை

முதலில் காத்திருங்கள். டிடிஆர்5 கணினியில், குறிப்பாக ரைசன் 7000, 9000இல், வேகத்தை மாற்றிய பின் வரும் முதல் தொடக்கத்தில் போர்டு மெமரி டிரெயினிங் செய்யும், அதாவது புது வேகத்துக்கு ரேமைச் சோதித்துப் பழக்கும். திரை கருப்பாக இருக்கும், டிராம் என்று எழுதிய சிறு விளக்கு எரியும், சில நிமிடம் ஒன்றுமே நடக்காது. ரேம் அதிகமானால் நேரமும் அதிகமாகும். பதறிப்போய்ப் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் டிரெயினிங் மறுபடி முதலில் இருந்து தொடங்கும். பதினைந்து நிமிடம் கடிகாரம் பார்த்துக் காத்திருந்து, அதற்கப்புறம் கை வையுங்கள்.

வரவில்லையா, சிமாஸை (சேமித்த பயாஸ் அமைப்புகளை) அழியுங்கள். மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, போர்டில் சிமாஸ் அழிக்கும் இரண்டு முள்ளையும் திருப்புளியால் சில நொடி தொட்டுப் பிடியுங்கள். முள் எங்கே என்று தெரியாவிட்டால் பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் விடுங்கள்.

இன்னும் இல்லையா? ஒரு ஸ்டிக்கை மட்டும் ப்ராசஸரில் இருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் போடுங்கள். போர்டில் ஏ2 என்று எழுதியிருக்கும். வராவிட்டால் அடுத்த ஸ்டிக்கை அதே இடத்தில் போட்டுப் பாருங்கள். இரண்டில் ஒன்று மட்டும் வந்தால் வராத ஸ்டிக்கில் கோளாறு. இரண்டுமே வராவிட்டால் போர்டோ ப்ராசஸரோ. இது வீட்டில் முடிகிற வேலை இல்லை, சரிபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

திரை வந்துவிட்டது, ஆனால் எக்ஸ்எம்பி போட்டால் மட்டும் போய்விடுகிறது என்றால் இந்த வரிசையில் பாருங்கள்:

1. பயாஸைப் புதுப்பியுங்கள். இதில் செலவே இல்லை, பலன் மட்டும் பெரிது. 24 ஜிபி, 48 ஜிபி அளவு ஸ்டிக்குகளை 2023க்கு முந்தைய பயாஸுக்கு அடையாளமே தெரியாமல் போகலாம். புதுப்பிக்கும்போது எக்ஸ்எம்பி கட்டாயம் ஆஃபில் இருக்கட்டும். ஆட்டம் காணும் ரேமை வைத்துக்கொண்டு பயாஸ் எழுதினால் போர்டே போய்விடலாம்.
2. போர்டு கம்பெனி சோதித்த ரேம்களின் பட்டியலில் உங்கள் ரேமின் முழுப் பகுதி எண் இருக்கிறதா என்று தேடுங்கள். பிராண்டு பெயர் ஒத்துப்போனால் மட்டும் போதாது. பட்டியலில் இல்லாத ரேமும் ஓடும். ஓடாதபோது கை கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள்.
3. எக்ஸ்எம்பியை ஆனில் வைத்தே வேகத்தை மட்டும் ஒரு படி இறக்குங்கள். 3600க்குப் பதில் 3400, 6400க்குப் பதில் 6000.

கே எழுத்து இல்லாத 12ஆம் தலைமுறை இன்டெல் ப்ராசஸரில் டிடிஆர்4 3600 மண்டையை உடைக்கும். ரேம் கட்டுப்படுத்திக்குப் போகும் எஸ்ஏ வோல்டேஜ் அவற்றில் பூட்டியிருக்கிறது. ஆகவே கியர் 1இல் (ரேமும் கட்டுப்படுத்தியும் ஒரே வேகத்தில் ஓடும் நிலையில்) 3600 பிடிக்காமல் போவது சகஜம். ரேமை மாற்றி மாற்றிப் போட்டு நாளை வீணாக்க வேண்டாம். 3200இல் கியர் 1 வைத்துவிடுங்கள்.

## அறிகுறி 3: கணினி வருகிறது, ஆனால் இடையில் நின்றுபோகிறது

ஆபத்தானது இதுதான். திரை வராத கணினி உங்கள் கோப்புகளை ஒன்றும் செய்யாது. நன்றாக ஓடுவதுபோல் இருந்துகொண்டு அவ்வப்போது ஒரு பிட்டை மாற்றி எழுதும் ரேம், நீங்கள் சேமிக்கும் கோப்புகளையே கெடுத்துவிடும். நீலத் திரை வரும் முன்பே இதற்குச் சின்னச் சின்ன அடையாளங்கள் உண்டு. பெரிய ஜிப் கோப்பை விரித்தால் பிழை என்கிறது, மறுபடி விரித்தால் சரியாக வருகிறது. இன்ஸ்டாலர் கோப்பு கெட்டுவிட்டது என்கிறது, திரும்ப டவுன்லோட் செய்தாலும் அதேதான். பிரவுசர் தாவல்கள் காரணமில்லாமல் விழுகின்றன. நீலத் திரையில் மெமரி மேனேஜ்மென்ட் என்று ஒருநாள், பேஜ் ஃபால்ட் என்று இன்னொரு நாள் என்று காரணம் மாறிக்கொண்டே வருகிறதா, ரேம் பக்கம் திரும்புங்கள். இந்த நிலையில் புதிதாக விண்டோஸ் போடாதீர்கள். போட்ட விண்டோஸும் கெட்டுத்தான் இறங்கும்.

முக்கியமான கோப்புகளை முதலில் வேறு கணினிக்கு நகல் எடுங்கள். அப்புறம்:

### தரைக்கு இறக்கினால் நிற்கிறதா?

எக்ஸ்எம்பியை ஆஃப் செய்யுங்கள். ரேம் வேகம் மேலே உள்ள பட்டியலில் இருக்கும் எண்ணையோ அதற்குக் குறைவையோ காட்ட வேண்டும். மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனை மென்பொருளை ஒரு யுஎஸ்பியில் ஏற்றி, அதிலிருந்து தொடங்கி, ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் நிறுத்திவிட வேண்டாம். ஏற்றுக்கொள்ளத்தக்க பிழை எண்ணிக்கை பூஜ்யம் மட்டுமே. ‘ஒன்றுதானே’ என்று விட்ட கணினி மறுபடி திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அதிகாரபூர்வ வேகத்திலும் பிழை வருகிறது. இது வேகத்தின் கோளாறு இல்லை, ஏதோ ஒரு பாகம் பழுது. ஸ்டிக்குகளை ஒவ்வொன்றாக ஏ2வில் போட்டுச் சோதியுங்கள். ஒரு ஸ்டிக் மட்டும் பிழை காட்டினால் உத்தரவாதத்தில் கொடுங்கள். எல்லா ஸ்டிக்கும் காட்டினால் ஸ்லாட்டோ, போர்டோ, ப்ராசஸருக்குள் இருக்கும் கட்டுப்படுத்தியோ. மாற்றிப் போட்டுப் பார்க்க உதிரிப் பாகம் வைத்திருப்பவரிடம் போங்கள்.

அதிகாரபூர்வ வேகத்தில் சுத்தம், எக்ஸ்எம்பியில் மட்டும் பிழை. ஒவ்வொரு படியாக இறக்கி, சோதனை சுத்தமாக வரும் இடத்தில் நிறுத்துங்கள். 6000 வேகத்துக்கும் 5600 வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அன்றாட வேலையில் உணர்வது கடினம். கெட்டுப்போன கோப்பு அப்படி இல்லை. இறக்க மனமில்லை என்றால் ரேம் வோல்டேஜ் ஸ்டிக்கரில் உள்ளபடி வந்திருக்கிறதா என்று பாருங்கள். டிடிஆர்4இன் பொது அளவு 1.2 வோல்ட், எக்ஸ்எம்பியில் வழக்கமாக 1.35. வேகம் ஏறியும் வோல்டேஜ் 1.2இலேயே நின்ற போர்டுகள் உண்டு. கையால் 1.35 என்று எழுதினால் போதும். ஸ்டிக்கரில் உள்ளதைத் தாண்ட வேண்டாம்.

ரைசன் 7000இல் ரேம் கட்டுப்படுத்தி இருக்கும் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜைக் கூட்டச் சொல்லும் அறிவுரைகள் நிறைய உலவுகின்றன. 2023இல் 7000எக்ஸ்3டி ப்ராசஸர்கள் கருகிய பிறகு ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் என்று வரம்பு வைத்தது. அந்த நாளுக்கு முந்தைய பயாஸ் உங்கள் போர்டில் இருந்தால், வேறு எதையும் தொடும் முன் அதைப் புதுப்பியுங்கள்.

### சோதனை இரவெல்லாம் சுத்தம், விளையாட்டில் மட்டும் விழுகிறதா?

இது என்னை ஒரு வாரம் அலைக்கழித்தது. டிடிஆர்5 6000, இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓடி ஒரு பிழையும் இல்லை. விளையாட்டைத் திறந்தால் அரை மணி நேரத்தில் கணினி விழும். கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தேன், பவர் சப்ளையைக்கூட மாற்றினேன். கடைசியில் கேஸின் பக்கக் கதவைத் திறந்து வைத்து ஓட்டியபோது விழவில்லை. மெம்டெஸ்ட் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும். விளையாடும்போது அதன் சூடான காற்று நேராக ரேம் மேல் ஏறும். சூடேறிய ரேம் தன் இறுக்கமான டைமிங்கை (வேலைகளுக்கு இடையே விடும் குறைந்த காத்திருப்பு நேரத்தை) தாங்கவில்லை. கேஸில் காற்று வெளியேறும் வழியைச் சரிசெய்து, வேகத்தை ஒரு படி இறக்கினேன், முடிந்தது.

டிடிஆர்5 ஸ்டிக்கிலேயே வெப்பம் அளக்கும் வசதி இருக்கிறது, எச்டபிள்யுஇன்ஃபோ என்ற மென்பொருள் காட்டும். விளையாடிக்கொண்டே அதைக் கவனியுங்கள். எந்தச் சூட்டில் விழுகிறது என்று இரண்டு மூன்று முறை பார்த்தால் பிடிபட்டுவிடும்.

## அறிகுறி 4: இரண்டு ஸ்டிக் நன்றாக ஓடியது, நான்காக்கியதும் தகராறு

இதில் கோளாறு தேடும் முன் அதிகாரபூர்வ எண்ணைப் பாருங்கள். மேலே கொடுத்த பட்டியல் இரண்டு ஸ்டிக்குக்கானது. நான்கு போட்டால் ப்ராசஸர் கம்பெனியே எண்ணை இறக்கிவிடுகிறது. ரைசன் 7000, 9000இல் நான்கு ஸ்டிக்குக்கு அதிகாரபூர்வ வேகம் வெறும் 3600. ரைசன் 3000, 5000இல் ஒற்றை ரேங்க் (ஸ்டிக்கில் சில்லுகள் ஒரே தொகுதி) நான்குக்கு 2933, இரட்டை ரேங்க் (இரண்டு தொகுதி) நான்குக்கு 2666. முதல் ரைசனில் இரட்டை ரேங்க் நான்கு போட்டால் 1866 வரை இறங்கும். இன்டெல் 12ஆம் தலைமுறையில் டிடிஆர்5 நான்கு போட்டால் ஒற்றை ரேங்க் 4000, இரட்டை ரேங்க் 3600.

ஆக, 6000 வேகத்து ஸ்டிக் நான்கைப் போட்டு 3600இல் நிற்கிறது என்றால் கணினி சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றிச் சோதிக்கலாம். 4800, 5200 வரை போகும் கணினிகளும் உண்டு. ஒவ்வொரு படியிலும் இரவுச் சோதனை தேவை.

ஒரே மாடல் இன்னொரு ஜோடி வாங்கிச் சேர்ப்பது பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். ஒரே பெயரில், வேறு மாதத்தில் வந்த ஸ்டிக்கில் உள்ளே வேறு சில்லு இருக்கலாம். 64 ஜிபி வேண்டுமென்றால் 32 ஜிபி ஸ்டிக் இரண்டாகவே வாங்குங்கள். ஏற்கெனவே நான்கு இருந்து, வேகமும் வேண்டும் என்றால் பழைய ஜோடியை விற்றுவிடுவதே நிம்மதி.

## அறிகுறி 5: போட்ட அளவில் பாதிதான் தெரிகிறது, அல்லது ஒற்றைச் சேனல் என்கிறது

சேனல் என்பது ப்ராசஸருக்கும் ரேமுக்கும் இடையே உள்ள பாதை. அளவு முழுதாகத் தெரிந்து ஒற்றைச் சேனல் என்று மட்டும் வந்தால் ஸ்லாட் தப்பு. இரண்டு ஸ்டிக்குக்கு, ப்ராசஸரில் இருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். பக்கத்தில் பக்கத்தில் போட்டால் இரண்டும் ஒரே சேனலில் உட்காரும், வேகமும் ஏறாது.

பாதி அளவே தெரிந்தால், கழற்றி, தொடும் தங்கப் பட்டையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, ‘க்ளிக்’ கேட்கும் வரை அழுத்திப் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கொக்கி உள்ள போர்டில் கொக்கி இல்லாத முனை சரியாக இறங்காமலே இறங்கியதுபோல் தெரியும்.

அதற்கும் மசியவில்லை என்றால் ப்ராசஸர் கூலரைப் பாருங்கள். ஒரு கணினியில் பி2 ஸ்லாட்டில் எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் காணாமல் போனது. போர்டு போய்விட்டது என்று சொல்லும் தருவாயில், கூலரின் நான்கு திருகில் ஒரு மூலை மட்டும் முரட்டுத்தனமாக இறுகியிருந்ததைக் கவனித்தேன். எதிரெதிர் மூலையாக அரைச் சுற்று தளர்த்தி, எல்லாவற்றையும் சம அளவில் இறுக்கினேன். அடுத்த தொடக்கத்திலேயே முழு அளவும் வந்தது. ப்ராசஸர் ஒரு பக்கம் சாய்ந்து சாக்கெட்டின் சில முட்கள் சரியாகத் தொடாமல் இருந்திருக்கின்றன.

திருகும் சரி, ஆனாலும் பாதிதான் என்றால் சாக்கெட்டில் முள் வளைந்திருக்கலாம். இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். இன்டெல் சாக்கெட் முட்களை நிமிர்த்த உருப்பெருக்கியும் பழகிய கையும் வேண்டும். ஊசியால் தள்ளிப் பார்த்து முறித்துக்கொண்டு வந்தால் யாராலும் மீட்க முடியாது.

## அறிகுறி 6: எண் ஏறிவிட்டது, கணினி மந்தமாகிவிட்டது

ரேம் வேகம் ஒரு வரம்பைத் தாண்டினால் ப்ராசஸருக்குள் இருக்கும் கட்டுப்படுத்தி பாதி வேகத்துக்கு மாறிவிடும். ரைசன் 3000, 5000இல் 3600 அல்லது 3733க்கு மேலே இது நடக்கும். 7000இல் பெரும்பாலும் 6000 முதல் 6400க்குள். இன்டெல் 11ஆம் தலைமுறையில் இதன் பெயர் கியர் 2. அதில் 3200ஐக் கியர் 1இல் அதிகாரபூர்வமாக ஓட்ட ஐ9-11900கே போன்ற உச்ச மாடல்தான், மற்றவற்றுக்குக் கியர் 1இல் 2933தான்.

ஏஎம்டியில் சென்டைமிங்ஸ் என்ற மென்பொருளைத் திறந்து எம்கிளாக்கும் (ரேமின் கடிகாரம்) யுகிளாக்கும் (கட்டுப்படுத்தியின் கடிகாரம்) ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். டிடிஆர்4 இன்டெல்லில் பயாஸில் கியர் 1 என்று வையுங்கள். டிடிஆர்5 இன்டெல்லில் கியர் 2தான் வழக்கம், அதைத் தொட வேண்டாம்.

## அறிகுறி 7: ஒவ்வொரு முறையும் தொடங்கவே ஒரு நிமிடத்துக்கு மேல்

ரைசன் 7000 கணினி என்றால், தினமும் டிரெயினிங் செய்கிறது. பயாஸைப் புதுப்பித்துவிட்டு மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர் (முந்தைய டிரெயினிங் முடிவையே மறுபடி பயன்படுத்தும் வசதி) என்பதை ஆன் செய்யுங்கள். ஆன் செய்த பிறகு நீலத் திரை வர ஆரம்பித்தால் ஆஃப் செய்துவிட்டு அறிகுறி 3க்குப் போங்கள். ரேம் விளிம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது.

## சரிபார்ப்பவரிடமோ உத்தரவாதத்துக்கோ கொடுக்கும்போது

சோதனை முடிவுத் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஸ்டிக், எந்த ஸ்லாட், எந்த வேகம் என்று எழுதிக் கொடுங்கள். அவருக்கு ஒரு நாள் மிச்சமாகும். பிழை அதிகாரபூர்வ வேகத்திலேயே வருகிறது என்பதை முதல் வரியாகச் சொல்லுங்கள். எக்ஸ்எம்பியில் மட்டும் வந்தால் ப்ராசஸர் கம்பெனி அதை ஏற்காமல் போகலாம், ரேம் கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும். வோல்டேஜைக் கூட்டியிருந்தால் எவ்வளவு என்று மறைக்காமல் சொல்லுங்கள். ஜோடியாக வாங்கிய ரேமில் ஒன்றுதான் பழுது என்றாலும் இரண்டையும் எடுத்துப் போங்கள். ஜோடியை முழுதாக மாற்றித் தருவதுதான் வழக்கம், நல்லதை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் இன்னொரு நடை நடக்க வேண்டியிருக்கும்.